திறக்காத பானெட்

“அண்ணா, பானெட் தெறக்க மாட்டேங்குது” என்று மரியஅந்தோணி வாசலிலிருந்து சத்தம் போட்டதும், அடுப்படியில் நின்றிருந்த அவன் அண்ணி மரியபுஷ்பம் கிண்டுவதை நிறுத்தினாள். காரைப் பற்றி அவளுக்கு ஒரு எழவும் தெரியாது. ஆனால் இந்தக் காரின் பானெட் இன்றைக்கு ஏன் திறக்கவில்லை என்பது ஏற்காடு மலை முழுவதிலும் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அதுவும் இன்றைக்குப் பார்த்தா நடக்க வேண்டும்? மத்தியானம் கரடியூரில் சம்பந்தம் பேசி முடிக்கப் போகிறார்கள். அங்கே காப்பித் தோட்டம் வைத்திருக்கிற வேலுசாமியின் மகள் பூங்கொடியை அந்தோணிக்குக் கேட்டிருந்தார்கள். இன்றைக்குப் பெண் வீட்டில் கை நனைக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்றுவிட்டால் போதும், சம்பந்தம் உறுதி. அப்புறம் யாரும் பின்வாங்க முடியாது.

அந்த ஒரு வாய் சோற்றுக்கு அண்ணன் தேவசிகாமணியைச் சம்மதிக்க வைப்பதற்குள் அந்தோணிக்கு இரண்டு வருஷம் போய்விட்டது. தேவசிகாமணி எஸ்டேட் ஆபீசில் ரைட்டர். மாதா கோயிலின் நிர்வாகக் குழுவான பங்குப் பேரவையில் உறுப்பினர். வாயைத் திறந்தால் தீர்ப்புதான் வரும். பெண் வீட்டார் மலைச்சாமி சேர்வராயனைக் கும்பிடுகிறவர்கள். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையில் அவர் இறங்கி வந்தார். “கண்ணாலம் நம்ம கோயில்லதான். அவ எந்தச் சாமிய வேணாலும் கும்புட்டுக்கட்டும். நீ விபூதி, கயிறுன்னு அந்தப் பக்கம் ஒரு எட்டு வெச்சியோ, அன்னிக்கே இந்தப் பேச்சு முடிஞ்சுது.” அந்தோணி தலையாட்டினான். பங்குச் சாமியாரிடமும் போய், “என் தம்பிக்கு நான் ஜவாப்தாரி” என்று தேவசிகாமணி சொல்லிவிட்டு வந்திருந்தார்.

இப்போது அவர் வாசலில் நின்று அதே தம்பியைப் பிடி பிடி என்று பிடித்துக்கொண்டிருந்தார்.

“என்னத்தடா பண்ணித் தொலைச்சே?”

“ஒண்ணும் பண்ணலீங்கண்ணா. தண்ணி ஊத்தலாம்னு லீவரை இழுத்தேன், கல்லாட்டம் இருந்துச்சு. கொஞ்சம் அழுத்தி இழுத்தேன். டப்புன்னு உள்ள கம்பி அந்துபோச்சு.”

“அழுத்தி இழுத்தானாம்! அது கையாடா, கடப்பாரையா?”

மாருதி காரில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்ன லீவர் உண்டு. அதை இழுத்தால் உள்ளே ஓடுகிற கம்பி முன்பக்கத்துப் பூட்டை விடுவிக்கும். பானெட் விரலளவு எழும்பும். இப்போது அந்த லீவர் பல் விழுந்த கிழவி வாய் போலத் தொளதொளவென்று ஆடியது. பானெட்டைத் திறக்காமல் வண்டியை எடுக்கவும் வழியில்லை. ரேடியேட்டரில் ஒரு ஒழுகல் இருந்தது. தினமும் காலையில் தண்ணீர் ஊற்றினால்தான் மேடேறும். இல்லாவிட்டால் பாதி வழியில் புகைய ஆரம்பித்துவிடும்.

புஷ்பம் கரண்டியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

நடந்தது இதுதான். அந்தோணி இந்தக் காரில் டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு சேலத்துக்கும் மலைக்குமாக ஓட்டுகிறவன். போன வாரம் ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே வந்த பஸ் அவன் பக்கத்துக் கதவை உரசிக்கொண்டு போனது. ஒரு சாண் தள்ளியிருந்தால் பள்ளம். அவன் சிரித்துக்கொண்டே வந்து சொன்னான். புஷ்பத்துக்கு அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. அவள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவன் அரை டிராயர் போட்ட, தாயில்லாப் பிள்ளை. அவள் கையால் சோறு தின்று வளர்ந்தவன். தனக்கென்று ஒன்று பிறக்காத அவளுக்கு அவன்தான் எல்லாம். மாதாவிடம் அழுதாள், மெழுகுவர்த்தி ஏற்றினாள், ஜெபமாலை சொன்னாள். அப்படியும் நெஞ்சு அடங்கவில்லை. அப்போதுதான் பக்கத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் இருக்கிற கண்ணாயி, “ஏனுங்கக்கா, சேர்வராயங்கிட்ட ஒருக்கா வந்துட்டுப் போங்க. இந்த மலைக்கு அவருதானே காவலு. மலை ரோட்ட அவருகிட்டச் சொல்லாம வேற யாருகிட்டச் சொல்லுவீங்க?” என்றாள்.

அந்தப் பேச்சு அவளுக்கு நியாயமாகப் பட்டது. நேற்றுச் சனிக்கிழமை முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாயியோடு போனாள். சேர்வராயன் குகைக்குள் குனிந்து நுழைந்து, பூசாரி கொடுத்த திருநீற்றையும் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழத்தையும் மஞ்சள் கயிற்றையும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தபின் அவளுக்கு இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. மாதா கோபித்துக்கொண்டால்? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். கோயிலில் பூசை நடக்கிற பீடத்தின் மேல் விரிக்கும் பீடத்துணிகளைத் துவைத்துக் கஞ்சி போடுவது அவள் பொறுப்பு. மாதா சபைத் தலைவியாயிற்றே! நைந்துபோன பீடத்துணியைக் குப்பையில் போடக் கூடாது. மந்திரித்த துணி. எரித்துச் சாம்பலை மண்ணில் புதைத்துவிட வேண்டும். அப்படி எரிக்கச் சொல்லிச் சாமியார் கொடுத்த ஒரு துணியிலிருந்து ஓரத்தை மட்டும் கிழித்து எடுத்தாள். சேர்வராயன் திருநீற்றையும் பழத்தையும் அதில் வைத்து மூட்டை கட்டினாள். இரண்டு பேருமே பார்த்துக்கொள்ளட்டும், யாருக்கும் மனஸ்தாபம் வேண்டாம் என்று அவளுக்கு ஒரு கணக்கு. கெட்டிக்காரிதான், போங்கள்!

ஆண்கள் இரண்டு பேரும் சாயங்காலம் கோயில் பாட்டுப் பயிற்சிக்குப் போன நேரத்தில், அந்தோணி செய்வதைப் பார்த்துப் பழகியபடி லீவரை இழுத்து பானெட்டைத் திறந்தாள். ரேடியேட்டருக்கு மேலே குறுக்கே போகிற தகட்டுக்கு அடியில், வெளியே தெரியாத இடமாகப் பார்த்து மூட்டையைக் கட்டினாள். கயிறு நீளமாக மிஞ்சியது. பூசை செய்த கயிற்றைக் கத்தரிக்கோலால் வெட்டலாமா? வெட்டவில்லை. பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு மெல்லிய கம்பியில் மிச்சக் கயிற்றையெல்லாம் சுற்றிச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள். அது பூட்டை இழுக்கிற கம்பி என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? பானெட்டை ஓங்கிச் சாத்தி, சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கம்பிதான் இன்றைக்குக் காலையில் அறுந்தது.

“ஏனுங்க, பேசாம ஜீப்புல போயிறலாமுங்க” என்றாள் புஷ்பம். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

“ஷேர் ஜீப்புல தொங்கிக்கிட்டா சம்பந்தம் பேசப் போறது? ஊட்டு வாசல்ல சொந்தக் கார் நிக்குது!”

“இல்லீனா மெக்கானிக்க வரச் சொல்லலாமுங்க.”

“ஞாயித்துக்கெழமை எந்த மெக்கானிக் மலை மேல இருக்கான்? எல்லாம் சேலத்துக்கு எறங்கியிருப்பானுங்க. நாங்களே பாத்துக்கறோம், நீ போயி வேலையப் பாரு.”

வேலையாவது, பார்ப்பதாவது! அவள் நகரவில்லை. முதலில் தேவசிகாமணி லீவர் பக்கத்தில் அறுந்து கிடந்த நுனியைக் குறடால் பிடித்து இழுத்துப் பார்த்தார். நுனி குட்டை, குறடு வழுக்கி விரல் முட்டி பெயர்ந்ததுதான் மிச்சம். அப்புறம் பானெட் இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினார். பெயின்ட் உரிந்தது. அந்தோணி, “வேணாங்கண்ணா, தகடு வளைஞ்சுரும்” என்று தடுத்தான். ஒவ்வொன்றும் தோற்கிறபோது புஷ்பத்துக்கு மூச்சு வந்தது; இன்னொரு யோசனை பிறக்கிறபோது மூச்சு போனது. மாதாவே, திறக்காமல் இருக்கட்டும் என்று வேண்டினாள். வேண்டும்போதே, இதை எந்த முகத்தோடு மாதாவிடம் கேட்கிறோம் என்று கூசியது. சேர்வராயனிடம் கேட்கலாமா என்றால் அவர் கயிற்றால்தானே இத்தனையும்.

தேவசிகாமணி விரலைச் சூப்பிக்கொண்டே வாசல் மேடையில் உட்கார்ந்தார்.

“டேய், இன்னிக்குக் காலையில பூசை முடிஞ்சு வர்றப்ப நம்ம பேரவை லூர்துராஜ் என்ன சொன்னான் தெரியுமா? ‘என்னங்க ரைட்டரே, உங்க தம்பி இப்பவே அந்தப் பக்கம் விபூதி வாங்கறானாமே’ங்கறான். நாலு பேரு முன்னாடி. என் தம்பி அப்படிச் செஞ்சிருந்தான்னா நான் பேரவையிலேர்ந்து எறங்கிக்கறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

“நான் ஒண்ணும் வாங்கலீங்கண்ணா.”

“வாங்க மாட்டேன்னு தெரியும்டா. அதனாலதானே சொன்னேன்.”

இதுவரைக்கும் புஷ்பம் தன்னைப் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தாள். புருஷன் வைவார், பீடத்துணி துவைக்கிற பொறுப்பு போய்விடும், மாதா சபையில் தலை நிமிர முடியாது, இவ்வளவுதான். இப்போதுதான் உறைத்தது. பானெட்டைத் திறந்து அந்த மூட்டையைப் பார்த்தால் அவர் யாரை நினைப்பார்? பொழுதெல்லாம் அந்தக் காரோடு கிடக்கிறவனை. சேர்வராயனைக் கும்பிடுகிற வீட்டுப் பெண்ணைக் கட்டப் போகிறவனை. அட பாவி மகளே, யாரைக் காப்பாற்றுவதற்குக் கட்டினாயோ அவன் கழுத்திலேயே கொண்டுபோய்க் கட்டிவிட்டாயே!

இப்பவே சொல்லிவிடலாம். ‘ஏனுங்க, தெறக்காதீங்க, உள்ள நான் ஒண்ணு கட்டி வெச்சிருக்கேன்’ என்று ஒரு வார்த்தை. அவள் வாயைத் திறந்தாள். சரியாக அந்த நேரத்தில் அந்தோணி காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான்.

“அண்ணா, கீழேர்ந்து பாத்தாப் பூட்டு தெரியுது. நீட்டமா ஒரு கம்பி இருந்தா கொக்கி போட்டு இழுத்துரலாம்.”

“புஷ்பம், அந்தத் துணிக்கொடிக் கம்பிய அவுத்துக் கொண்டா!”

அவள் கொண்டுபோனாள். அவளே துணிகளை எடுத்து மடித்து வைத்துவிட்டு, கொய்யா மரத்திலிருந்து கம்பியை அவிழ்த்து, அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தோணி நுனியைக் குறடால் வளைத்துக் கொக்கி செய்தான். புது வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு, கிழிந்த லுங்கியோடு மல்லாந்து உள்ளே நுழைந்தான். தேவசிகாமணி பானெட்டின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக் கொடுத்தார். டார்ச் பிடிக்கிற வேலை புஷ்பத்துக்கு வந்தது.

“அண்ணி, இப்படிக்கா காட்டுங்க. இன்னுங்கொஞ்சம் மேல. வெளிச்சத்த ஏன் அந்தப் பக்கமே திருப்பறீங்க?”

“இல்ல கண்ணு.”

“என்னமோ கந்தத்துணியாட்டம் சுத்திக்கிட்டுக் கெடக்குதுங்கண்ணா. எலி கொண்டாந்து வெச்சிருக்கும் போல. பூட்டே நகர மாட்டேங்குது.”

எலி என்று அவன் சொன்னது அவளுக்கு அமிர்தமாக இருந்தது. எலியாகவே இருக்கட்டும், ஆண்டவரே. அந்தோணி பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். உள்ளே எதுவோ பட்டென்று பிய்ந்தது. பானெட் எழும்பியது.

“ஆங்! வந்துருச்சு!” என்று தேவசிகாமணி சின்னப் பிள்ளை மாதிரி கத்தினார். விரலை உள்ளே விட்டுக் கொக்கியைத் தள்ளி பானெட்டைத் தூக்கி, கம்பியை முட்டுக் கொடுத்து நிறுத்தினார். அப்புறம் குனிந்து பார்த்தார். குனிந்தவர் நிமிரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

நிமிர்ந்தபோது அவர் கையில் மூட்டை இருந்தது. பூட்டிலிருந்த கிரீஸும் புழுதியும் அப்பிக் கறுத்துப் போயிருந்தது. அறுந்த மஞ்சள் கயிறு தொங்கியது. நசுங்கிய எலுமிச்சம்பழம் துணிக்கு வெளியே பிதுங்கி, குங்குமம் அவர் உள்ளங்கையில் ஒட்டியது.

“இது என்னடா?”

அந்தோணி காருக்கு அடியிலிருந்து எழுந்து வந்து பார்த்தான். அவன் முகத்தில் முதலில் ஒன்றும் புரியாத ஒரு முழிப்புதான் இருந்தது.

“யார்ரா இதக் கட்டுனது? சேர்வராயங் கோயில் கயிறுதானே இது?”

அந்தோணி அண்ணனைப் பார்த்தான், மூட்டையைப் பார்த்தான், அப்புறம் அண்ணியைப் பார்த்தான். அவள் கையில் டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நல்ல வெயிலில் அதை அணைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. அவன் கண் அவள் முகத்திலேயே நின்றது. அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.

“நாந்தாங்கண்ணா கட்டுனேன்” என்றான்.

பளார் என்று விழுந்தது அறை. கல்யாணத்துக்கு நிற்கிற ஆம்பிளையை, நடு வாசலில், பக்கத்து லைன் சனங்கள் பார்க்க. அந்தோணி கன்னத்தைத் தடவக்கூட இல்லை. பார்வையையும் அவள் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

நாக்கு எழவில்லை என்று சொல்வார்களே, அதெல்லாம் பொய். புஷ்பத்துக்கு நாக்கு எழுந்தது. ‘நான்தான்’ என்கிற வார்த்தை தொண்டைக்குழி வரைக்கும் வந்தது. அவள்தான் அதை எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள். அவனே ஒத்துக்கொண்டுவிட்டான், அடியும் விழுந்துவிட்டது, இனிமேல் சொல்லி என்ன என்று உள்ளே ஒரு குரல் எத்தனை சாமர்த்தியமாகப் பேசியது!

“என்னெப் பொய்யனாக்கிட்டியேடா! கரடியூரும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். இந்தக் கண்ணாலம் நடக்காது. நீயே போயிச் சொல்லிட்டு வா, அவங்க அடுப்பு மூட்டறதுக்கு முன்னாடி!”

அந்தோணி குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினான். சட்டையை மாட்டிக்கொண்டான். மடித்து வைத்திருந்த புது வேட்டியைத் தொடவில்லை. பழைய பேன்ட்டைப் போட்டுக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் கேட்டைத் தாண்டி, கரடியூர் ரோட்டில் நடக்க ஆரம்பித்தான்.

தேவசிகாமணி மூட்டையைத் தரையில் எறிந்தார். உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார் என்று பார்த்தால் போகவில்லை. அந்தோணியின் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, அதன் பிரேக் கம்பியை உருவ ஆரம்பித்தார். இனிமேல் எங்கேயும் போகப் போவதில்லை. அதை வைத்துக் காரின் கம்பியை மாற்ற இப்போது என்ன அவசரம்? கை சும்மா இருந்தால் அறைந்த கை வலிக்கும், அவ்வளவுதான். அறுந்த கம்பியை உருவிப் போட்டுவிட்டு, பிரேக் கம்பியில் கிரீஸ் தடவி, அதே உறைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினார். கண்ணில் தண்ணீர் நின்றது. துடைத்துக்கொள்ளாமல் வேலை செய்தார்.

புஷ்பம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதற்குமேல் தாங்கவில்லை.

“ஏனுங்க.”

“என்ன?”

“அத அந்தோணி கட்டலீங்க. நாந்தாங்க கட்டுனேன்.”

அவர் தலை நிமிராமலே ஒரு மாதிரி சிரித்தார். “தெரியும்டி, நீ இப்படி வந்து நிப்பேன்னு. சின்ன வயசுல அவன் கண்ணாடி ஒடைச்சப்பவும் நாந்தான் ஒடைச்சேன்னு சொன்னவ நீ. எத்தனை காலத்துக்குடி அவன் தப்பையெல்லாம் உன் தலையில போட்டுக்குவே?”

“சத்தியமாங்க.”

“மாதா சபைக்காரி சத்தியமெல்லாம் பண்ணாத. பெத்தவகூட இப்படிப் பண்ண மாட்டா. உன் மனசு எனக்குத் தெரியாதா? போ, போயி ரெண்டு வாய் சோறு தின்னு. காலையிலேர்ந்து நிக்கறே.”

அவர் குரல் இளகியிருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவளைப் பார்த்து இவ்வளவு பெருமையாகப் பேசியதே கிடையாது. புஷ்பம் அப்படியே நின்றாள். சொல்லிவிட்டாயிற்று. அவர் நம்பவில்லை என்றால் அவள் என்ன செய்வாள்? உள்ளே போய் இலையைப் போட்டு உட்காரலாம். பீடத்துணி அவளிடமே இருக்கும். நல்லவள் என்கிற பேரும் சேர்ந்து இருக்கும். அந்த நினைப்பு அத்தனை சுகமாக இருந்தது. அந்தச் சுகம்தான் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சீ, என்ன ஜென்மம் நான் என்று அவளே தன்னைக் காறித் துப்பினாள்.

தரையில் கிடந்த மூட்டையை எடுத்தாள். பழத்தையும் திருநீற்றையும் ஒரு கிண்ணத்தில் கொட்டிவிட்டு, துணியை மண்ணெண்ணெயில் நனைத்தாள். துணி சோப்பைப் போட்டுக் கல்லில் வைத்துத் தேய்த்தாள். கறுப்பு இறங்கியது. உள்பக்கம் மடிந்திருந்த ஓரத்தில் திராட்சைக் கொடியும் அதன் நடுவே ஒரு சின்னச் சிலுவையும் சிவப்பு நூலில் தெரிந்தன. அவள் கையால் போட்ட பூவேலை. ஈரம் சொட்டச் சொட்ட அதைக் கொண்டுவந்து தேவசிகாமணியின் முழங்காலில் விரித்துப் போட்டாள்.

அவர் பார்த்தார். ஞாயிறுதோறும் முன்வரிசையில் உட்கார்ந்து வருஷக்கணக்காகப் பார்த்த துணி.

“இது பீடத்துணி.”

“ஆமாங்க.”

“எரிச்சாச்சுன்னு சாமியார்கிட்டச் சொன்னே.”

“சொன்னேனுங்க. ஓரத்தக் கிழிச்சுக்கிட்டு மிச்சத்தத்தான் எரிச்சேன். அந்தோணி வண்டிய பஸ் ஒரசுனதுலேர்ந்து எனக்கு நெஞ்சு அடங்கலீங்க. கண்ணாயிகூடச் சேர்வராயங் கோயிலுக்குப் போயிக் கயிறு வாங்கியாந்தேன். மிச்சக் கயித்தப் பூட்டுக் கம்பியில சுத்துனதும் நாந்தான். அவம் மேல ஒரு தப்பும் இல்லீங்க.”

வெடிக்கப் போகிறார் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணைத் திறந்தால் அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிரீஸும் குங்குமமும் ஒட்டிய கை.

“அவன அடிச்சுப்புட்டேனே புஷ்பம்” என்றார்.

கம்பியின் நுனியை லீவரில் மாட்டி, திருகி, இழுத்துப் பார்த்தார். ‘டக்’ என்று பூட்டு நகர்ந்தது. ரேடியேட்டரில் தண்ணீரை ஊற்றி பானெட்டைச் சாத்தினார். சட்டையை மாற்றிக்கொள்ளாமலே ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, “வேட்டிய எடுத்துக்கிட்டு ஏறு” என்றார்.

அந்தோணி ரொம்ப தூரம் போயிருக்கவில்லை. ஊரைத் தாண்டி, சவுக்கு மரங்களுக்குக் கீழே ஒரு மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தான். பூங்கொடி வீட்டில் போய் என்னவென்று சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான் என்பது பார்த்த உடனே தெரிந்தது. கன்னத்தில் விரல்கள் இன்னும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

தேவசிகாமணி வண்டியை ஓரமாக நிறுத்திக் கீழே இறங்கினார். தம்பிக்கு முன்னால் போய் நின்றார். மன்னிப்புக் கேட்கத் தெரிந்த மனுஷன் இல்லை அவர். தொண்டையைக் கனைத்தார், ரோட்டைப் பார்த்தார், கடைசியில் சாவியை நீட்டினார்.

“நீயே ஓட்டுடா. எனக்கு இந்த மேடு சரிப்பட்டு வராது. உங்கண்ணி எல்லாம் சொல்லிட்டா.”

அந்தோணி சாவியை வாங்கிக்கொண்டான். புஷ்பம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ரோட்டில் போகிறவர்கள் பார்ப்பார்களே என்று அவளுக்குத் தோன்றவில்லை.

“எஞ்சாமி, என்னெக் காப்பாத்தறதுக்காகவா நீ அடி வாங்குனே? வளத்தவ வாய மூடிக்கிட்டு நின்னாளே, அவளுக்காகவா?”

அந்தோணி அவள் கையை உதறவில்லை. கோபமாகவும் பேசவில்லை. வழி கேட்கிறவருக்கு வழி சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னான்.

“உங்களக் காப்பாத்தறதுக்குன்னு நான் சொல்லலீங்க அண்ணி. நாந்தான்னு சொன்னா அடுத்த நொடி நீங்க குறுக்க வந்துருவீங்கன்னு நெனச்சேன். அண்ணன் கைய ஓங்குறப்பக்கூட உங்களையேதான் பாத்துக்கிட்டு நின்னேன்.”

அவன் மதகுக்குப் பின்னால் போய் வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தான். பின்கதவை அவளுக்காகத் திறந்துவிட்டு, “ஏறுங்க அண்ணி, அவங்க காத்துக்கிட்டிருப்பாங்க” என்றான். கரடியூர் போய்ச் சேர்கிற வரைக்கும் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்துகொண்டே இருந்தது. புஷ்பம் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.